ஒரு பெட்டி முதல் பனி

முதல் பனிக்கு என்ன விலை என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வானத்திலிருந்து சும்மா கொட்டுவதற்கு யாராவது விலை போடுவார்களா என்பார்கள். கொரிய மலையூர் உன்ஜேயின் சந்தையில் கேட்டுப் பாருங்கள். கல்லாவிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் பதில் வரும். ஒரு பெட்டி முதல் பனி, ஒரு வேளைச் சாப்பாடு. பேரம் கிடையாது.

விஷயம் இதுதான். அந்த வருடத்தின் முதல் பனி விழுந்த அன்று, அதை ஒரு பெட்டியில் அள்ளிப் பட்டுத்துணியில் கட்டி, ஏதோ உயர்ந்த பரிசு போல எதிர்க்கடைக்கு யார் கையிலாவது கொடுத்து அனுப்ப வேண்டும். எதிர்க்கடைக்காரர் ஏமாந்துபோய் இரண்டு கையாலும் வாங்கி நன்றியும் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அனுப்பியவருக்கு அவர் வீட்டில் விருந்து. பந்தியில் யார் யார் உட்காருவது என்பதும் அனுப்பியவர் இஷ்டம். சுதாரித்துக்கொண்டு பெட்டியை வாங்காமல், கொண்டுவந்த ஆளைத் துரத்திப் பிடித்துவிட்டால் தலைகீழ். அனுப்பியவர் சோறு போட வேண்டும்.

ஆகவே நவம்பர் பிறந்துவிட்டால் உன்ஜே வியாபாரிகள் பெற்ற தாய் நீட்டினாலும் எதையும் கையால் வாங்க மாட்டார்கள். சில்லறையைக்கூடத் தரையில் வை என்பார்கள். அந்தச் சந்தையிலேயே ஒருமுறையும் ஏமாறாத ஒரே கடை, மா நாரேயின் கருவாட்டுக் கடை. அப்பா மா சங்பே மலைச்சரிவில் மீன் காயவைப்பதைப் பார்த்துக்கொள்ள, கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் அனுப்பித்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

ஆனால் சியோலில் ஒலிம்பிக் முடிந்த மறுவருடம் குளிர்காலம் யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அக்டோபர் பாதியில், மேப்பிள் இலைகள் சிவந்து முடிக்கும் முன்பே, சரிவுகளில் கோஸ் அறுவடைக்கு நின்றுகொண்டிருக்கும்போதே, ஒரு விடியற்காலையில் சத்தமில்லாமல் முதல் பனி இறங்கிவிட்டது. அரை மணி நேரம். அவ்வளவுதான். அந்த அரை மணி நேரமும் நாரே கடையின் பின்கட்டில் கரியடுப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கதவுப் பலகைகளைக் கழற்றியபோது தெரு வெறுமனே ஈரமாக இருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டாள்.

"கடையில யாருங்க..."

திரும்பினாள். ஒரு புது ஆள். மேல்கோட்டின் கை குட்டையாகி மணிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மலைக்கு ஆகாத சப்பாத்து. கையில் ஊதாப் பட்டில் கட்டிய பெட்டி.

இதையெல்லாம் அவள் பிறகுதான் யோசித்துப் பார்த்தாள். அப்போது பார்த்தது கண்களை மட்டும். இப்போதுதான் தூங்கி எழுந்து, எழுந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிற மாதிரிக் கண்கள்... இடது இமை நுனியில் ஒரு துளித் தண்ணீர், விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"எதிர்க்கடை அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"எந்தக் கடை, போர்வைக் கடையா?"

"ஆமாங்க. போர்வை வாங்கலாம்னு போனேன். ஐநூறு வோன் குறைச்சுக்கறேன், இத மட்டும் எதிர்ல குடுத்துட்டு வாப்பான்னாங்க."

போர்வைக் கடை தாக் அம்மா ஐநூறு வோன் குறைத்தாள் என்ற இடத்திலேயே மணி அடித்திருக்க வேண்டும். கடைத்தெருவில் அப்படியொரு சம்பவம் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் நாரேயின் கவனம் அந்தத் துளியில் இருந்தது. இவ்வளவு காலையில் ஒரு ஆண்பிள்ளை எதற்காக அழுதிருப்பான்...

"அழுதீங்களா?"

"யாரு, நானா?"

"கண்ணுல தண்ணி நிக்குது."

அவன் இமையைத் தொட்டுப் பார்த்தான். "ஓ, இதுவா. இது மேல இருந்து..."

"சரி சரி, குடுங்க," என்று நாரே இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அழுதவனை மேலும் கிளறக்கூடாது என்ற இரக்கம். பெட்டி கனமாக, சில்லென்று இருந்தது. "நன்றி."

எதிர்க்கடையில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று டங்கென்று அதிர்ந்தது.

"வாங்கிட்டா... மா வீட்டுப் பொண்ணு வாங்கிட்டா... நன்றியும் சொல்லிட்டா..." தாக் அம்மாவின் குரல். கறிக்கடை, விதைக்கடை, செருப்புக்கடை, எல்லாத் தலையும் வெளியே வந்தன. நாரே முடிச்சை அவிழ்த்தாள். பெட்டி நிறையப் பனி. மேலே ஒரே ஒரு சிவப்பு மேப்பிள் இலை, கிழவியின் குறும்பு மாதிரி.

பாய்ந்து வெளியே ஓடினாள். ஆள் ஓடிப்போயிருக்கவில்லை. பத்தடி தள்ளி, சக்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிறவரிடம் எது பெரிது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கோட்டுக் காலரைப் பிடித்தாள்.

"நில்லுங்க."

"நிக்கத்தானே செய்றேன்."

"ஓடியிருக்கணும். கொண்டுவர்ற ஆள் ஓடணும். அதான் முறை."

"எதுக்கு ஓடணும்?"

"நான் பிடிக்கறதுக்கு."

"அப்ப பிடிச்சுக்கோங்க," என்றான் அவன், மிகவும் நியாயமாக.

கிழங்குக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். நாரே காலரை விட்டாள். காது சுட்டது. "இனிமே பிடிச்சு என்னத்துக்கு. நன்றி வேற சொல்லித் தொலைச்சேன்."

"நன்றி சொல்றது தப்பாங்க இந்த ஊர்ல?"

பதில் சொல்ல விடாமல் தாக் அம்மா வந்து நின்றாள். போர்வை விற்றே மூன்று வீடு கட்டியவள், எப்போதும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டே இருப்பாள், அது விளம்பரம். "ஞாயித்துக்கிழமை மத்தியானம்," என்றாள் தெரு முழுக்கக் கேட்கும்படி. "நானு, என் கொழுந்தன், எம் பையன் கியுசோல். சியோல்லருந்து வர்றான். பாங்க்குல உத்தியோகம். பல்லெல்லாம் சொந்தப் பல்லு."

தெரு 'ஓ' என்று இழுத்தது. கல்யாணமாகாத பெண் சமைத்த பந்தியில், கல்யாணமாகாத பையன் அம்மாவோடு வந்து உட்கார்ந்து எழுந்தால் உன்ஜேயில் அடுத்த பேச்சு தேதியைப் பற்றித்தான். அதோடு இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். மா குடும்பம் குளிர்காலம் முழுக்க மியோங்தே மீனைக் கட்டித் தொங்கவிடும் சரிவு தாக் அம்மாவின் நிலம். அந்தச் சரிவின் காற்றில்தான் அவர்களுடைய வருடச் சோறு காய்கிறது. நில உரிமையாளரிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று யார் சொல்வது...

"இது முதல் பனின்னு யாரு சொன்னா பெரியம்மா? நான் பாக்கவே இல்ல," என்றாள் நாரே.

"நீ அடுப்பு ஊதிக்கிட்டிருந்தா பனி காத்துக்கிட்டு நிக்குமாடி?"

கிழங்குக்காரர் இடையில் வந்தார். "தகராறு வேணாம். நமக்குள்ள பேசி வெச்சதுதானே. மேல வானிலை நிலையத்துல எழுதினாத்தான் முதல் பனி. எழுதலன்னா ஆட்டம் செல்லாது."

"எழுதட்டுமே. நல்லா எழுதட்டும்," என்று போர்வையைச் சரிசெய்துகொண்டு போனாள் தாக் அம்மா.

சரிவிலிருந்து திரும்பிய அப்பா சேதியைக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார்.

"நீ வாங்கினியா?"

"வாங்கினேன்."

"ரெண்டு கையாலயும்?"

"...ரெண்டு கையாலயும்தான்பா."

"அப்ப பேசறதுக்கு என்னம்மா இருக்கு," என்று தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மா சங்பே வாக்குத் தவறினார் என்று ஒரு பூனைகூடச் சொல்லாது. அதுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து, அதுவேதான் வில்லங்கம்.

நாரே கடையின் உள்ளறைக்குப் போனாள். போன குளிர்காலத்துச் சரக்கில் தங்க நிறமாகப் பழுத்துப் பஞ்சுபோல் காய்ந்த மீன்களாகப் பொறுக்கி ஒரு கட்டு கட்டினாள். வியாபாரி வீட்டுப் பெண். எழுதுகிறவன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு விலை என்று ஒன்றும் இருக்கும்.

வானிலை நிலையம் ஊருக்கு மேலே, கணவாய்ச் சாலை வளைகிற இடத்தில். முற்றத்தில் வெள்ளைப் பெட்டிகள், கம்பங்கள், சுழலும் கிண்ணங்கள். மேட்டில் பனி இன்னும் கரையவில்லை. கம்பங்களைச் சுற்றி அதன்மேல் ஒரே ஒரு ஜோடிச் சப்பாத்துத் தடம், போய், நின்று, சுற்றிச் சுற்றி, மறுபடி நின்று... ஏதோ ஒரு குழந்தை முதல்முறையாகப் பனியைப் பார்த்த மாதிரி.

கதவைத் திறந்தவனின் மணிக்கட்டு கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா," என்றாள்.

"நானேதான். பேரு முயோல். நேத்து சாயந்தரம் பொறுப்பு எடுத்துக்கிட்டேன்." பயந்தவன் போல ஒரு கையால் காலரைப் பொத்திக்கொண்டான். "மறுபடியும் பிடிக்க வந்தீங்களா, முதலாளியம்மா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். வியாபாரத்துக்கு வந்த இடத்தில் முதலில் சிரிப்பவன் நஷ்டப்படுவான். மீன்கட்டை மேசைமேல் வைத்தாள்.

"இன்னைக்கு என்ன எழுதினீங்க?"

"இன்னும் எழுதல. பெரிய ஆபீசுலேருந்து போன் வரும். அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதணும். இது என்னங்க?"

"மியோங்தே. காத்துல உறைஞ்சு, வெயில்ல இளகி, மறுபடி உறைஞ்சு பழுத்தது. கடலோரத்துல இந்தப் பதம் வராது."

"நான் கடலோரம்தான். எங்க வீட்டுல கருவாடுன்னா கல்லு மாதிரி இருக்கும்." மோந்து பார்த்தான். "என்ன விலை?"

"ஒரு வார்த்தை."

"எந்த வார்த்தை?"

"பனின்னு எழுதாதீங்க. மழைன்னு எழுதுங்க. ரெண்டும் தண்ணிதானே, மேகக்காரரே."

அவன் கண்கள் விரிந்தன. கோபமில்லை. வேடிக்கை பார்க்கிற ஆர்வம். "மழைன்னா..."

"சரி, மழை வேணாம். ஆலங்கட்டி."

"பேரமா பேசறீங்க?"

"பின்ன என்ன பூஜையா பண்றேன்? உங்க விலை பனி, என் விலை மழை. நடுவுல வாங்க. பனி கலந்த மழை. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல."

"காரணம் தெரிஞ்சுக்கலாமா?"

சொன்னாள். பெட்டி, விருந்து, ஞாயிற்றுக்கிழமை, சரிவு, அப்பாவின் வாக்கு. சொல்லச் சொல்ல அவன் முகத்திலிருந்த வேடிக்கை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. தான் தூக்கிக்கொண்டு போனது என்ன என்று இப்போதுதான் அவனுக்கு எடை தெரிந்தது போலும்.

"அந்தப் பாங்க்குக்காரர்... ஆளு நல்லவரா?"

"நல்லவர்தான். அதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா வேணாம்னு சொல்லச் சுலபம்."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். "இங்க வாங்க," என்றான். போனாள். கீழே சரிவுகளில் கோஸ் வரிசைகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. எறும்பளவு மனிதர்கள் குனிந்து குனிந்து வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பரப்பி இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் பரப்புகிறவர்களின் வேகம் அது.

"காலைல ரெண்டு பேர் மேல வந்தாங்க," என்றான். "அக்டோபர்ல பனி விழுந்து கோஸ் போச்சுன்னு கூட்டுறவுல உதவி கேக்கணுமாம். இங்க எழுதியிருந்தாத்தான் நம்புவாங்களாம். எழுதறேன்னு சொல்லி அனுப்பினேன்."

நாரேக்கு அந்த எறும்புகள் ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். கடன் சொல்லி மீன் வாங்குகிறவர்கள். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கடைசியாக ஒரு விலை சொல்லிப் பார்ப்பது கூடப்பிறந்த குணம்.

"எங்க ஊர்ல முதல் பனி அன்னைக்குப் பொய் சொன்னா குத்தமில்ல. ராஜா காலத்துல இருந்தே அப்படித்தான். யாரும் கேக்க மாட்டாங்க."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"வாயால சொல்ற பொய்க்கா, எழுதற பொய்க்கா?"

அவள் தயங்கினாள். "...வாயால."

"அப்ப வாயால ஒண்ணு சொல்லிக்கறேன்." முயோலின் காது மடல்கள் மெல்லச் சிவந்தன. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "காலைல உங்க கண்ண நான் பாக்கவே இல்ல. பெட்டியக் குடுத்துட்டு அங்கயே நின்னது கிழங்கு வாங்கத்தான். வேற ஒரு காரணமும் கெடையாது. அந்தப் பாங்க்குக்காரர் உங்க வீட்டுல வந்து உக்காந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம்... உங்கள எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கல."

நாரே வாயைத் திறந்தாள்...

தொலைபேசி அடித்தது. அவன் எடுத்தான். இந்த முறை அவளையே நேராகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"உன்ஜே நிலையம். முதல் பனி. இன்று காலை. நானே பார்த்தேன்."

"உங்கள மாதிரி ஆளு கடை வெச்சா," என்றாள் நாரே, "ஒரே வாரத்துல பூட்டணும்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். முதல் வளைவு வரை கோபம் தாங்கியது. இரண்டாவது வளைவில் கால் தானாக மெதுவானது. பைன் மரங்களிலிருந்து பனி பொத் பொத்தென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கணக்கில் கெட்டிக்காரிக்கு ஒரு சின்னக் கணக்கு போட இவ்வளவு நேரமா... கண்ணைப் பார்க்கவே இல்லை என்பது பொய் என்றால், பார்த்திருக்கிறான். காரணம் கிடையாது என்பது பொய் என்றால், காரணம் இருக்கிறது. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை என்பது பொய் என்றால்...

மூன்றாவது வளைவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா. மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இன்னொருவனை அவள் பந்தியில் உட்காரவைக்கிற வார்த்தையையும் சொல்கிறான். இதில் அவனுக்கு என்ன லாபம்? புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பைசா லாபம் தெரியவில்லை. லாபமில்லாத காரியத்தைச் செய்கிற ஆளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனால் ரொம்ப நேரம் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் கடன் வசூலுக்குப் போயிருந்த நேரத்தில் முயோல் கடைக்கு வந்து மீன்கட்டை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறந்து வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னானாம். அப்பா கட்டைப் புரட்டிப் பார்த்தார். மகள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மிக நல்ல சரக்கு. எதற்காக அது மலை ஏறியது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பையன் எந்த ஊரு?" என்று மட்டும் மகளைக் கேட்டார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்... கடலோரம்."

"தெரியாதுன்னியே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். நாரே விடிவதற்கு முன்பே சமையலை ஆரம்பித்திருந்தாள். தோற்ற விருந்து என்றாலும் எடை குறைத்துப் போட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. மியோங்தே சூப் பால்போல் வெளுத்துக் கொதித்தது. உருளைக்கிழங்கு அடை, கோதுமை நிறத்தில் காளான் வதக்கல், பனி பட்ட கோஸில் அவசரமாகப் போட்ட கிம்ச்சி. கூட்டுறவுக்காரர்கள் சனிக்கிழமையே மேலே வந்து பார்த்துவிட்டு, உதவி உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு விவசாயி கொண்டுவந்து போட்ட கோஸ் அது.

தாக் அம்மா போர்வையோடு வந்தாள். கொழுந்தன் வந்தார், உட்கார்ந்ததும் அடுப்புச் சூடு அடியில் ஓடும் தரையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கியுசோல் நல்ல பையன், பேருந்தில் வந்த மயக்கத்தில் முகம் வெளுத்திருந்தது. பந்தி போட்டு முடிந்த பிறகு, அப்பா வாசலிலிருந்து இன்னொருவனை உள்ளே அழைத்துவந்தார்.

முயோல். அதே குட்டைக் கோட்டு.

"இவரு எதுக்கு?" என்றாள் தாக் அம்மா.

"பெட்டி தூக்கினவனுக்குச் சோறு போடாம எப்படி? நீங்கதான் கூலி குடுக்கலையே."

"ஐநூறு வோன் குறைக்கறேன்னு சொன்னேனே."

"ஆயிரம் ஏத்தி வெச்சுட்டு ஐநூறு குறைச்சா அதுக்குப் பேரு கூலியா?"

கொழுந்தன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். முயோல் கடைசி இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சூப்புக் கிண்ணத்துக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாரே பரிமாறினாள். அவனுக்கு ஊற்றும்போது மட்டும் அகப்பை கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போட்டது. இருவரும் நிமிரவில்லை.

சாப்பாடு முடிந்தது. தாக் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "சூப்பு பிரமாதம். கிம்ச்சி அதவிட. எம் பையனுக்கு வாய்க்கு ருசியா கெடைக்கும். அப்ப, அடுத்தது கல்யாணச் சாப்பாடுதான். என்ன சொல்றீங்க, மா ஐயா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். நாரே அந்தப் பார்வையில் சரிவு முழுவதையும் பார்த்தாள்... கழிகள், கயிறுகள், காற்றில் ஆடும் மீன் வரிசைகள், அப்பாவின் வெடித்த விரல்கள். தலையை ஆட்டினால் எல்லாம் சுமுகம். நல்ல பையன். சொந்தப் பல்லு.

அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா, ஒரு பெட்டி பனிக்கு ஒரு வேளைச் சாப்பாடு. சந்தை விலை அதுதான். நான் எடையில குறைக்கல. நீங்களும் விலைய ஏத்தாதீங்க."

"என்னடி சொல்ற?"

"சாப்பாடு போட்டாச்சு. அந்தக் கணக்கு முடிஞ்சுது. அந்த விலையில என்னையும் சேத்து யாரும் பேசல. கியுசோல் அண்ணா, உங்கமேல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்," என்றான் கியுசோல், முதல்முறையாக முகத்தில் ரத்தம் வந்து.

தாக் அம்மா போர்வையை இறுக்கினாள். "மா ஐயா. உங்க மீனு என் சரிவுல காயுது. ஞாபகம் இருக்குல்ல."

அப்பா கரண்டியை நிதானமாகக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இருக்கு. சரிவு உங்களோடது. பொண்ணு என்னோடது. ஆனா வாயி அவளோடது. அவ சொன்னதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காலி பண்ணுன்னா நாளைக்கே கழியப் பிடுங்கிக்கறேன்."

தாக் அம்மா ஜன்னல் வழியாகத் தன் நிலத்தைப் பார்த்தாள். அந்தச் சரிவில் கோஸும் வளராது, ஆடும் மேயாது. காற்றை வாடகைக்கு எடுக்கிற பைத்தியம் உலகத்தில் மா சங்பே ஒருத்தர்தான்.

"கோபத்துக்காக வாடகைய விட நான் என்ன கிறுக்கா?" என்றாள் கடைசியில். "பத்துல ஒரு பங்கு ஏத்துவேன்."

"இருபதுல ஒண்ணு," என்றார் அப்பா உடனே.

"பதினஞ்சுல."

"சரி, படிஞ்சுது."

"அம்மா, சண்டை முடிஞ்சுதுன்னா," என்றான் கியுசோல், "எனக்கு இன்னொரு கிண்ணம் சூப்பு கெடைக்குமா?"

முயோல் முதல் ஆளாகக் கிளம்பினான். எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டு, நாரேயிடம் மட்டும் வணங்க மறந்து வாசலைத் தாண்டிவிட்டான். அப்பா மகளிடம், "அந்தாளு தப்பான பக்கமா திரும்பறான் பாரு, வழி காட்டிட்டு வா," என்றார். மலைக்கு இருப்பது ஒரே வழி.

அவள் ஓடிப்போய்ப் பிடித்தபோது அவன் சரியான வழியில்தான் போய்க்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தார்கள். ஓரத்துப் புல்லில் உறைபனி வெயிலில் மினுங்கியது.

"வானம் எப்படி, மேகக்காரரே?"

"சுத்தம். நாலஞ்சு நாளைக்குப் பனிக்கு வழியில்ல."

"அப்ப இன்னைக்குப் பொய் சொல்ல உரிமை கெடையாது."

"கெடையாது." நின்றான். "அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட உண்மையில்லங்க."

"மொத்தமா தள்ளுபடி பண்ணாதீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"கண்ணப் பாத்தேன்."

"ம்."

"கிழங்கு எனக்குப் பிடிக்காது."

"ம்."

"நீங்க காலரப் பிடிச்சப்புறம் போர்வைக் கடைக்குத் திரும்பிப் போகவே மறந்துட்டேன். இன்னும் போர்வையே வாங்கல."

நாரே திரும்பிப் பார்த்தாள். "இந்தக் குளிர்லயா? எத வெச்சுத் தூங்கறீங்க?"

"கோட்டு இருக்கே."

அந்தக் குட்டைக் கோட்டைப் பார்த்தாள். மணிக்கட்டு சிவந்து வெடித்திருந்தது. வந்தது சிரிப்பா, மற்றதா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"அப்புறம்," என்றான் அவன். கண்கள் அவள் கண்களிலேயே நின்றன. "பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. எழுதினா நீங்க போயிடுவீங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். அன்னைக்கு மழைன்னு எழுதிக் குடுத்திருந்தா... இத உங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்கு எந்த நாளும் வந்திருக்காது."

"மழைன்னு எழுதிக் குடுத்திருந்தா," என்றாள் நாரே மெதுவாக, "மீனக் குடுத்துட்டு, நல்லவருன்னு சொல்லிட்டு, மறுநாளே மறந்திருப்பேன். கெடைச்ச விலைக்கு வார்த்தைய விக்கற ஆளுங்கள எனக்கு நிறையத் தெரியும். சுத்தி முழுக்க அவங்கதான்."

காற்று வந்தது. அவள் முந்தானை போலத் தொங்கிய கழுத்துத் துணியை அவிழ்த்து, அவன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். விரல்கள் தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றன.

"நாளைக்கு போர்வை வாங்கப் போங்க. நானும் வர்றேன். விலைய நான் பேசறேன், நீங்க வாயத் திறக்காதீங்க."

"சரிங்க முதலாளியம்மா. இதுக்கெல்லாம் நான் என்ன தரணும்?"

"இருங்க, கணக்குப் பாக்கறேன்." வெறும் விரலை மடக்கினாள். "தாக் பெரியம்மாவுக்கு ஒரு விருந்து, குடுத்தாச்சு. சரிவுக்குப் பதினஞ்சுல ஒண்ணு, அப்பா பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு ஒரு கிண்ணம் சூப்பு, அது தூக்குகூலி, நேர். நீங்க சொன்ன பொய்க்கு அன்னைக்கே திட்டிட்டேன், அதுவும் நேர். இன்னைக்குச் சொன்ன உண்மைக்கு..."

விரல் மடங்காமல் நின்றது.

"உண்மைக்கு?"

"அது பெரிய தொகை. ஒரே தடவையில தீராது." அவள் முகம் மேப்பிள் நிறமானது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் பிடிச்சிருக்கு. இது முதல் தவணை. மீதி என் பேர்ல பாக்கி."